செகண்ட்ஹேண்ட் ரவுட்டரை லைனில் மாட்டுவதற்கு முன்

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு பாலக்கோடு பக்கம். கேபிள்காரர் மூலம் ஃபைபர் லைன் வந்து ஒரு வருடம் ஆகிறது. அவர் வைத்துவிட்டுப் போன பெட்டியின் வைஃபை முன்னறையோடு நின்றுவிடுகிறது, ஏனென்றால் உங்களுடையது பழைய கருங்கல் சுவர் வீடு. உள்ளறையில் தங்கை டிஎன்பிஎஸ்சி வகுப்பு பார்க்க உட்கார்ந்தால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்காக ஓசூரில் வீடு காலி செய்த ஒருவரிடம் 700 ரூபாய்க்கு டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 வாங்கி வந்திருக்கிறீர்கள். அட்மின் பாஸ்வேர்ட் தெரியவில்லை. ஒருவர் ஃபர்ம்வேருக்கு, அதாவது ரவுட்டரை உள்ளிருந்து ஓட்டுகிற மென்பொருளுக்கு, அப்டேட் போடச் சொல்கிறார், இன்னொருவர் போட்டால் ரவுட்டர் செத்துவிடும் என்கிறார். போடலாமா, எப்படிப் போடுவது என்பது கேள்வி.

போட வேண்டும். ஆனால் எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற வேலை அல்ல அது. ஃபைபர் லைனை அந்த ரவுட்டரில் செருகுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டிய வேலை. நான் சொல்ல வருவதில் பாதி இந்த வரிசையைப் பற்றித்தான். நம் பக்கம் நிறைய பேர் பழைய ரவுட்டர் வாங்குகிறார்கள். ஓசூரில் வேலை மாறிப் போகிறவர்கள் விற்கிறார்கள், பெங்களூர் எஸ்பி ரோடு கடைகளிலிருந்தும் வருகிறது. வாங்கி வந்தவுடன் கேபிளைக் குத்துகிறார்கள், நெட் வருகிறது, அப்படியே விட்டுவிடுகிறார்கள். பழைய ரவுட்டருக்குள் முன்பு வைத்திருந்தவரின் அமைப்புகள் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன என்பதை யோசிப்பதில்லை.

அதில் எனக்கு அதிகம் பயம் தருவது டிஎன்எஸ். ஒரு தளத்தின் பெயரை நீங்கள் அடித்தால், அதற்குரிய எண் முகவரியைத் தேடிக் கொடுக்கிற சேவை அது. எந்த டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டும் என்பதை வீட்டில் உள்ள எல்லா போனுக்கும் ரவுட்டர்தான் சொல்கிறது. யாரோ அந்த ஒரு எண்ணை மாற்றி வைத்திருந்தால், நீங்கள் சரியான பெயரை அடித்தாலும் வேறு பக்கம் திறக்கும். போனில் வைரஸ் தேடினால் ஒன்றும் கிடைக்காது, கோளாறு போனில் இல்லையே. ரவுட்டருக்குள்ளேயே குடியேறுகிற வைரஸ்களும் உண்டு. 2018 மே மாதம் வெளியே தெரிந்த விபிஎன்ஃபில்டர் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளில், 54 நாடுகளில் புகுந்திருந்தது. லிங்க்சிஸ், நெட்கியர், மைக்ரோடிக், டிபி-லிங்க் என்று பல கம்பெனி ரவுட்டர்களும் அதில் இருந்தன. ரவுட்டரை அணைத்துப் போட்டால் அதன் பெரும்பகுதி அழிந்துவிடும். ஆனால் முதல் துண்டு மட்டும் உள்ளேயே தங்கி, திரும்ப நெட் கிடைத்ததும் மீதியை இறக்கிக்கொள்ளப் பார்க்கும். அதனால்தான் அப்போது ஃபேக்டரி ரீசெட்டும் ஃபர்ம்வேர் அப்டேட்டும் சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். உங்கள் பெட்டியில் அது இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் அது இதுவரை எந்த வீட்டில், எப்படி இருந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நிலையில் துடைத்துவிட்டு ஆரம்பிப்பதுதான் சரி.

சரி, முதல் வேலை. ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். மாடல் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வெர் என்று போட்டு 2.0 அல்லது 3.20 மாதிரி ஓர் எண் இருக்கும். அடைப்புக்குள் நாடு அல்லது பகுதியைக் குறிக்கும் இரண்டு எழுத்தும் இருக்கலாம். இது மென்பொருளின் வெர்ஷன் அல்ல, பெட்டியின் வெர்ஷன். ஆர்ச்சர் சி6 என்ற ஒரே பெயரில் வந்தாலும் இரண்டாம் வெர்ஷனுக்குள் இருப்பது குவால்காம் சிப், மூன்றாம் வெர்ஷனுக்குள் இருப்பது மீடியாடெக் சிப். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே இரண்டும் வேறு வேறு இயந்திரம். ஒன்றுக்கான ஃபர்ம்வேர் மற்றொன்றுக்கு ஆகாது. அப்டேட் போட்டதால் ரவுட்டர் செத்தது என்று கேள்விப்படுகிற கதைகளில் பலவும் இந்த எண்ணைப் பார்க்காமல் போட்டதால் வந்தவை, அல்லது நடுவில் கரண்ட் போனதால் வந்தவை. ஸ்டிக்கர் அழிந்திருந்தால் அவசரப்படாதீர்கள். உள்ளே நுழைந்த பிறகு, நிர்வாகப் பக்கத்தில் ஹார்டுவேர் வெர்ஷன் என்று அதே எண் காட்டும்.

ஸ்டிக்கரைப் பார்க்கும்போதே எவ்வளவு வோல்ட், எவ்வளவு ஆம்பியர் என்பதையும் பாருங்கள். இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் செகண்ட்ஹேண்ட் சாமானில் அதிகம் கோளாறு கொடுப்பது இதுதான். வீடு காலி செய்கிறவர் அவசரத்தில் ரவுட்டரை எடுத்துக் கொடுப்பார், அடாப்டர் மட்டும் செட்டாப் பாக்ஸினுடையதாக இருக்கும். இரண்டின் முள்ளும் ஒரே மாதிரி பொருந்தும். 9 வோல்ட் கேட்கிற ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் உள்ளே ஏதாவது எரியலாம். வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் குறைவாக இருந்தால் இன்னும் குழப்பம். காலையில் நன்றாக ஓடும், சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வந்து நாலைந்து போன் ஒன்றாகச் சேர்ந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகும். காரிமங்கலத்தில் ஒரு வீட்டில் இதே பிரச்சினைக்கு நான் இரண்டு முறை ஃபர்ம்வேர் மாற்றிப் பார்த்தேன். மூன்றாவது முறை போனபோதுதான் அடாப்டரைக் கையில் எடுத்துப் படித்தேன். ரவுட்டர் கேட்டது 12 வோல்ட் 1 ஆம்பியர், மாட்டியிருந்தது 12 வோல்ட் 0.5 ஆம்பியர். வோல்ட் அச்சாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் கேட்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று காட்டும் சின்ன வட்டப் படமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அடாப்டர் தொட முடியாத சூடு ஆனாலோ ரீங்காரமிட்டாலோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். அப்டேட் ஓடும்போது நடுவில் தடுமாறுகிற அடாப்டரும் கரண்ட் கட்டும் ஒன்றுதான்.

இன்னொன்று, காற்றுத் துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். அறை மூலையில் வருடக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கிற பெட்டி என்பதால் எறும்பு புற்று வைத்திருக்கும், பல்லி முட்டை இருக்கும். உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும், கழற்ற வேண்டியதில்லை.

அடுத்தது ரீசெட். லைன் எதையும் செருகாமல் கரண்ட் மட்டும் கொடுத்து இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு ரீசெட் என்று எழுதியிருக்கும் இடத்தில், துளையாக இருந்தால் ஊக்கு நுனியால், பட்டனாக இருந்தால் விரலால், பத்து விநாடி விடாமல் அழுத்துங்கள். விளக்கு சிமிட்டியதும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் டபிள்யூபிஎஸ் என்று, பாஸ்வேர்ட் அடிக்காமலே வைஃபையில் சேர்க்கிற இன்னொரு பட்டன் இருந்தால் அதை அழுத்திக்கொண்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். ரவுட்டர் தானாக அணைந்து எழும். பழைய வைஃபை பெயர் மறைந்து, ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் பெயர் போனில் தெரிந்தால் ரீசெட் ஆகிவிட்டது. உங்களுக்குத் தெரியாத அந்த அட்மின் பாஸ்வேர்டும் இத்தோடு போய்விடும். ஆர்ச்சர் சி6 முதல் முறை திறக்கும்போது புது பாஸ்வேர்டை நீங்களே வைக்கச் சொல்லிக் கேட்கும். இதைவிடப் பழைய மாடல்களில் பெயர், பாஸ்வேர்ட் இரண்டுமே அட்மின் என்று இருக்கும்.

ரீசெட் செய்தால் அமைப்புகள்தான் அழியும், ஃபர்ம்வேர் மாறாது. முன்பு வைத்திருந்தவர் வேறு ஏதாவது மாற்று ஃபர்ம்வேர் போட்டிருந்தால் அதுவேதான் திரும்ப எழும். திறக்கிற பக்கம் டிபி-லிங்க் பக்கம் மாதிரி இல்லாமல் வேறு பெயரோடு வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு என்னிடம் கேளுங்கள், அதற்கு வழி வேறு. விற்றவரின் நம்பர் உங்களிடம் இருந்தால், அவர் போனில் உள்ள டிபி-லிங்க் ஆப்பிலிருந்து இந்த ரவுட்டரை நீக்கிவிடவும் சொல்லுங்கள்.

ஃபர்ம்வேர் கோப்பை எங்கே எடுப்பது? கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும். போன் டேட்டாவில் டிபி-லிங்க்கின் இந்தியத் தளத்துக்குப் போய், சப்போர்ட், டவுன்லோடு என்று வந்து, மாடல் பெயரைப் போட்டால், அந்தப் பக்கத்திலேயே ஹார்டுவேர் வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பட்டியல் விரியும். ஸ்டிக்கரில் பார்த்த எண் இங்கேதான் தேவை. அந்த வெர்ஷன் இந்தியத் தளத்தில் இல்லை, ஸ்டிக்கரில் வேறு நாட்டு எழுத்து இருக்கிறது என்றால் அந்தந்த நாட்டுத் தளத்தில் பாருங்கள். வேறு யாரோ டிரைவில் போட்டு வைத்த கோப்பு, டெலிகிராமில் வந்த கோப்பு எதுவும் வேண்டாம். இறங்குவது ஜிப் கோப்பு, இருபது எம்பிக்குள்தான் இருக்கும். அதை அப்படியே ரவுட்டருக்குக் கொடுத்தால் ஏற்காது. விரித்தால் உள்ளே .bin என்று முடிகிற ஒரு கோப்பு இருக்கும், கொடுக்க வேண்டியது அதைத்தான். கூடவே இருக்கும் குறிப்பையும் ஒரு முறை படியுங்கள். இந்தக் கோப்பைப் போட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது என்றோ, முதலில் இன்ன வெர்ஷனுக்குப் போய்விட்டு வா என்றோ சில நேரம் எழுதியிருப்பார்கள்.

போனில் வைஃபை வழியாகவே அப்டேட் போடலாமே என்று தோன்றும். நான் போட மாட்டேன். வைஃபை நடுவில் விட்டுப்போகும். லேப்டாப்பும் ஒரு லேன் கேபிளும் வேண்டும். தங்கைக்கோ பக்கத்து வீட்டிலோ அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினி இருந்தால் அதையே எடுங்கள். இப்போது கடையில் வருகிற மெலிந்த லேப்டாப்புகள் பலவற்றில் லேன் துளையே இல்லை, அந்தப் பழையதில் பெரும்பாலும் இருக்கும். கேபிளின் ஒரு முனை லேப்டாப்பில், மறுமுனை ரவுட்டரில் லேன் என்று எழுதியிருக்கும் நான்கில் ஏதாவது ஒன்றில். வெளியிலிருந்து வரும் லைனுக்காகத் தனியாக நிற்கிற வேன் (WAN) துளையில் அல்ல. லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, பிரவுசரின் மேல் கட்டத்தில் 192.168.0.1 என்று அடியுங்கள். கூகுளில் தேடுகிற கட்டத்தில் அடித்துவிட்டு ஏதேதோ தளம் வருகிறதே என்று குழம்பாதீர்கள். ரீசெட் ஆனதா என்று வெறும் போனை வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று. ரவுட்டரில் நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத் திறந்தால் வந்துவிடும்.

உள்ளே அட்வான்ஸ்டு, சிஸ்டம் டூல்ஸ், ஃபர்ம்வேர் அப்கிரேடு என்று போனால் இப்போதுள்ள ஃபர்ம்வேரின் எண்ணும் அதன் தேதியும் தெரியும். தளத்தில் உள்ளதுதான் ஏற்கெனவே இருக்கிறது என்றாலும், பழைய பெட்டி என்றால் அதே கோப்பை ஒரு முறை மேலே எழுதிவிடுவது என் வழக்கம். மேனுவல் அப்கிரேடு என்ற இடத்தில் அந்த .bin கோப்பைக் காட்டி அப்கிரேடு அழுத்துங்கள். தவறான கோப்பாக இருந்தால் டிபி-லிங்க் பெரும்பாலும் 18005 மாதிரி ஒரு பிழை எண்ணைக் காட்டி மறுத்துவிடும். மறுத்தால் வேறு வழியில் திணிக்கப் பார்க்காதீர்கள், ஸ்டிக்கரை மறுபடி படியுங்கள்.

அழுத்திய பிறகு என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஏன் தொடக் கூடாது என்பதும் புரியும். கோப்பு முதலில் ரவுட்டரின் ராமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், ஏறும். பிறகு ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய ஃபர்ம்வேர் இருந்த இடத்தைத் துண்டு துண்டாக அழித்து, அழித்த இடத்தில் புதியதை எழுதிக்கொண்டே போகும். சதவீதம் பாதியில் இருக்கும்போது உள்ளே பழையதும் முழுதாக இல்லை, புதியதும் முழுதாக இல்லை. அந்த நேரத்தில் கரண்ட் போனால் எழுந்து நிற்க அதற்கு ஒன்றும் இருக்காது.

எனக்கு இது நடந்திருக்கிறது. காவேரிப்பட்டினத்தில் உறவினர் வீடு, மாங்காய் சீசன், மே மாதச் சாயங்காலம். டபிள்யூஆர்841என் என்ற பழைய டிபி-லிங்க்குக்கு அப்டேட் போட உட்கார்ந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன், மூன்று நிமிட வேலைதானே என்று அழுத்திவிட்டேன். பட்டை பாதியைத் தாண்டியிருக்கும், தோப்புப் பக்கமிருந்து காற்று அடித்தது, கரண்ட் போய்விட்டது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் அந்தப் பட்டை அப்படியே நின்றிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து கரண்ட் வந்தபோது ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன, ஒன்றாக அணைந்தன, மறுபடி எரிந்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டுப் பையனுக்கு மறுநாள் ஆன்லைனில் ஏதோ விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அதை மீட்டேன். பூட்லோடர் என்கிற சின்ன ஆரம்ப நிரல் ஃபிளாஷில் தனி இடத்தில் இருக்கிறது. சாதாரண அப்டேட் பெரும்பாலும் அதைத் தொடாது. அது உயிரோடு இருந்தால் பெட்டியும் உயிரோடுதான் இருக்கிறது. அந்த வகை டிபி-லிங்க்குகளில் லேப்டாப்பின் லேன் முகவரியைக் கையால் 192.168.0.66 என்று வைத்து, டிஎஃப்டிபி சர்வர் என்ற, கோப்பு அனுப்புகிற சின்ன மென்பொருளை ஓடவிட்டு, ஃபர்ம்வேர் கோப்புக்கு அந்த மாடல் எதிர்பார்க்கும் ரெக்கவரி பெயரை வைத்து அதே ஃபோல்டரில் போட வேண்டும். விண்டோஸ் ஃபயர்வாலைச் சற்று நேரம் அணைக்க வேண்டும். ரவுட்டரின் ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே கரண்ட் கொடுத்தால், அது தானாக வந்து கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். என் திரையில் கோப்பு அனுப்பப்படுகிறது என்று ஒரு வரி ஓடியதைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. டி-லிங்க்கின் பல மாடல்களில் இதே போல ரீசெட்டை அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் 192.168.0.1-இல் ஓர் அவசரப் பக்கம் திறக்கும், அதிலேயே கோப்பை ஏற்றலாம். ஆகவே அப்டேட் போட்டால் செத்துவிடும் என்று உங்களிடம் சொன்னவர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் பெரும்பாலும் பிழைக்க வைக்கக்கூடிய சாவுதான் அது.

அந்த நிலைக்கே போகாமல் இருக்க வழி எளிது. ரவுட்டருக்கென்று விற்கிற மினி யுபிஎஸ் அல்லது வீட்டு இன்வெர்ட்டர் லைனில் ரவுட்டரை மாட்டிவிட்டு அப்டேட் போடுங்கள். இரண்டும் இல்லையென்றால் மழைக் காற்று இல்லாத ஒரு காலைப் பொழுது பாருங்கள், உங்கள் ஊருக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளாக இருக்கக் கூடாது. லேப்டாப் சார்ஜ் நிறைய இருக்கட்டும். அழுத்திய பிறகு ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். திரை தொங்கிவிட்டது போல இருந்தாலும் ரவுட்டரை அணைக்காதீர்கள். அது தானாக ரீஸ்டார்ட் ஆகி வைஃபை பெயர் திரும்பத் தெரிந்ததும், இன்னொரு முறை ரீசெட் செய்துவிடுங்கள். பழைய ஃபர்ம்வேரின் அமைப்புகள் புதியதில் ஒட்டிக்கொண்டு வந்து பின்னால் விசித்திரமான கோளாறு காட்டுவதை அது தடுக்கும்.

இனி அமைப்புகள். இதில் செகண்ட்ஹேண்ட் பெட்டிக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் வைஃபை பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். அது முன்பு வைத்திருந்தவருக்குத் தெரியும், அவர் வீட்டுக்கு வந்து போனவர்களுக்கும் தெரியும், விற்பனைக்காகப் படம் எடுத்துப் போட்டிருந்தால் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ரீசெட் செய்தாலும் அதே பாஸ்வேர்டுதான் திரும்ப வரும். டபிள்யூபிஎஸ் பின் எண்ணும் அப்படித்தான். அது எட்டு இலக்கம் என்பதால் பத்து கோடி சேர்க்கை இருக்கும் என்று நினைப்போம். ஆனால் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காக மட்டும் உள்ளது, ரவுட்டரோ முதல் நான்கையும் அடுத்த மூன்றையும் தனித்தனியாகச் சரி தவறு சொல்லிவிடுகிறது. பத்தாயிரம் கூட்டல் ஆயிரம், மொத்தம் பதினோராயிரம் முயற்சியில் உடைத்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள். டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து நெட் வழியாக ரவுட்டருக்குள் நுழைய விடுகிற ரிமோட் மேனேஜ்மென்ட் அணைந்தே இருக்க வேண்டும். வைஃபையின் பூட்டு முறையைத் தேர்ந்தெடுக்கிற செக்யூரிட்டி என்ற இடத்தில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் வையுங்கள். டபிள்யூபிஏ3-யும் சேர்த்த தேர்வு இருந்து உங்கள் போன்கள் எல்லாம் ஏற்றால் அதை வைக்கலாம். டிகேஐபி என்று இருக்கும் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்பும் போகும், வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். பலர் நெட் மெதுவாக இருக்கிறது என்று சொல்லும் இடத்தில் காரணம் இதுவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

லைனை இணைக்கும்போது உங்களுக்கு நான் சொல்வது ஆக்சஸ் பாயின்ட் மோட், அதாவது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் கொடுக்கிற நிலை. ஃபைபர் முடிகிற பெட்டி, ஓஎன்டி என்பது, நாமெல்லாம் மோடம் என்று சொல்கிறோமே, அதற்குள்ளேயே கேபிள்காரர் யூசர் நேம் போட்டு லைனை எழுப்பியிருப்பார். அந்தப் பெட்டியே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் இன்னொரு ரவுட்டரையும் ரவுட்டராகவே வைத்தால் முகவரி மாற்றுகிற வேலை இரண்டு முறை நடக்கும். படம் பார்க்க இடைஞ்சல் இல்லை, ஆனால் சிசிடிவி, ஆன்லைன் விளையாட்டு மாதிரி சிலவற்றில் தகராறு வரும். ஆர்ச்சர் சி6-இல் ஆபரேஷன் மோட் என்ற பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட்டைத் தேர்ந்தெடுத்து, ஓஎன்டியின் லேன் துளையிலிருந்து ஒரு கேபிளை இதன் வேன் துளைக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு 192.168.0.1 திறக்காது. கெட்டுப்போகவில்லை, அதற்கு ஓஎன்டி வேறு முகவரி கொடுத்திருக்கும். ஓஎன்டியின் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் அந்த எண் இருக்கும்.

இப்படி வைத்தால் உங்கள் வீட்டின் வாசல் ஓஎன்டிதான், ஆர்ச்சர் உள்ளறைக் கதவு மாதிரி. ஆகவே ஓஎன்டியின் அட்மின் பாஸ்வேர்டும் வைஃபை பாஸ்வேர்டும் மாட்டிய நாளில் வைத்ததாகவே இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். நீங்களாக உள்ளே புகுந்து மாற்றி லைன் போய்விட்டால் கேபிள்காரருக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம். அவரையே கூப்பிட்டு, அண்ணா, பாஸ்வேர்ட் மட்டும் மாத்தணும் என்று சொல்லி, கூட இருந்து மாற்றிக்கொள்ளுங்கள். அப்போதே ஓஎன்டியிலும் ஆர்ச்சரிலும் டிஎன்எஸ் என்ன எண்ணில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தானாக எடு என்று இருக்கலாம், 8.8.8.8 அல்லது 1.1.1.1 இருக்கலாம், உங்கள் நெட் கம்பெனியுடையது இருக்கலாம். வேறு எண் இருந்தால் அது யாருடையது என்று அவரைக் கேளுங்கள்.

கடைசியாக உங்கள் கல் சுவர். இந்த ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை சிக்னல் கொடுக்கிறது. ஒன்றரை அடி கருங்கல்லை 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தாண்டாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2.4 ஓரளவு கசியும். எவ்வளவு நல்ல ரவுட்டர் வாங்கி முன்னறையில் வைத்தாலும் பலன் கொஞ்சம்தான். அதனால் ரவுட்டரைக் கொண்டுபோய் உள்ளறையிலேயே வைக்க வேண்டும், கேபிள்தான் சுவரைத் தாண்ட வேண்டும். கல்லைத் துளைக்கத் தேவையில்லை, கதவு நிலைக்கு மேல் உள்ள சந்து, வென்டிலேட்டர் வழியாகக் கேட் 6 கேபிளை இழுக்கலாம். நூறு மீட்டர் வரை தாங்கும். உள்ளறையில் உட்கார்ந்து 5 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்தால் தங்கைக்கு வகுப்பு தடங்கல் இல்லாமல் ஓடும். 2.4-க்குச் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை, ஓஎன்டி எடுத்திருப்பதைத் தவிர்த்து, வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். வெளியே பட்டுப்புழு மனைக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ லேன் கேபிளை ஆகாய மார்க்கமாக இழுக்கும் யோசனை இருந்தால் வேண்டாம். கோடை இடியில் அந்தச் செம்புக் கம்பி வழியாக இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகள் ஒன்றாகப் போன வீடுகள் உண்டு. ஃபைபருக்குள் செம்பு இல்லாததால் அந்தத் தொல்லை கிடையாது, லேன் கேபிளுக்கு உண்டு.

ஓப்பன்டபிள்யூஆர்டி போடலாமா என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். கம்பெனி ஃபர்ம்வேருக்குப் பதிலாகப் போடுகிற இலவச மாற்று ஃபர்ம்வேர் அது. 2004-லிருந்து நடக்கிற திட்டம், நானே இரண்டு பெட்டியில் வைத்திருக்கிறேன், மதிக்கிறேன். கம்பெனி கைவிட்ட ரவுட்டருக்கு அது உயிர் கொடுக்கும். ஆனால் கம்பெனியின் ஃபர்ம்வேரே கிடைக்கிற உங்கள் பெட்டிக்கு இப்போது தேவையில்லை. அதிலும் சி6-இன் இரண்டாம் வெர்ஷனில் அமெரிக்கப் பெட்டிக்கு ஒரு கோப்பு, ஐரோப்பியப் பெட்டிக்கு வேறு கோப்பு. போட்ட பிறகு வைஃபை அணைந்த நிலையிலேயே எழும் என்பதால் போனை மட்டும் நம்பியிருப்பவர் உள்ளே போகவே முடியாது. 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ள மிகப் பழைய பெட்டிகளில் அதன் இப்போதைய பதிப்புகள் ஏறவும் ஏறாது.

இதைப் பார்த்து நாளை வேறு யாராவது பழைய ரவுட்டர் வாங்கப் போனால், இரண்டைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பின்பக்கம் டெலிபோன் வயர் செருகும் சின்னத் துளை இருப்பது, டெலிபோன் லைனிலேயே நெட் வந்த ஏடிஎஸ்எல் காலத்துப் பெட்டி. நெட் கம்பெனியின் பெயர் அச்சிட்ட பெட்டி பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொத்து, அவர்கள் லைனுக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். இன்னொன்று, தளத்தில் மாடலைத் தேடும்போது கடைசி ஃபர்ம்வேரின் தேதி பல வருடம் பழையதாக இருந்தால் அதை வீட்டு வாசலில் வைக்கக் கூடாது. 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றித்தான் எச்சரித்தது. லிங்க்சிஸ் ஈ1200, ஈ2500 மாதிரி அப்டேட் நின்றுபோன ரவுட்டர்களுக்குள் புகுந்து, அந்த வீட்டு லைன் வழியாகத் திருடர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். வெளியே தெரிவது அந்த வீட்டின் முகவரிதான்.

உங்கள் ஸ்டிக்கரில் வெர் எண் என்ன என்று கேள்வியில் இல்லை. படம் எடுத்து அனுப்புங்கள். வைஃபை பாஸ்வேர்ட், பின் எண், சீரியல் நம்பர், மேக் முகவரி நான்கையும் விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள். மாடலும் வெர் எண்ணும் தெரிந்தால் எந்தக் கோப்பு என்று சொல்லிவிடுகிறேன். அதுவரை லைனைச் செருக வேண்டாம்.